அறிவு எனும் அமானிதம்



  

மதுவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "இது தெரிந்த சங்கதிதானே, மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிமும் உண்டா?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். உண்மைதான். அது ஹராம் என்பதை நிலைநாட்ட இன்று நான் மிம்பரில் ஏறவில்லை. மது மூளைக்குள் சென்று என்ன செய்கிறது, செய்து முடித்தபின் எஞ்சி நிற்கும் அந்த மனிதரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழங்காநத்தத்திற்கு வருமுன், இந்த மதுரை நகரின் வேறொரு மஹல்லாவில் நான் இமாமாக இருந்தேன். அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் குடிப்பழக்கத்தில் ஆழமாக விழுந்திருந்தார். நல்ல தொழிலாளி. பள்ளிவாசலின் ஜன்னல் கம்பிகளைக் கூலி வாங்காமல் பற்றவைத்துக் கொடுத்தவர். 2019-இல் அவருடைய மனைவி அழுதுகொண்டு வந்து முறையிட்டார். ஜமாஅத்தார் அவரை அழைத்து வந்தார்கள். நான் குர்ஆனைக் கொண்டுவரச் செய்து, இனி குடிப்பதில்லை என்று அவரைச் சத்தியம் செய்ய வைத்தேன். அவர் மனமார அழுதார். பதினொரு நாட்கள் குடிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் குடித்துவிட்டார்.

அடுத்த ஜும்ஆவில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி, இறைவேதத்தின் மீது பொய்ச்சத்தியம் செய்கின்றவர்களைப் பற்றிப் பேசினேன். குரலை உயர்த்திப் பேசினேன். தொழுகை முடிந்து பலர் என் கையைப் பற்றி, "ஹள்ரத், நன்றாகக் கேட்டீர்கள்" என்றார்கள். மக்தபில் ஓதிக்கொண்டிருந்த அவருடைய மகளை மற்றப் பிள்ளைகள் "பொய்க்காரர் மகள்" என்று கேலி செய்தது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவர் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி உண்டு. மத்ரஸாவில் அதை ஓதியிருக்கிறேன், மாணவர்களுக்கு நடத்தியும் இருக்கிறேன். குடித்த குற்றத்திற்காக ஒருவர் மீண்டும் மீண்டும் நபி (ஸல்) அவர்கள் முன்பு கொண்டுவரப்பட்டார். அவையில் இருந்த ஒருவர் அவரைச் சபித்தபோது, சபிக்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்து, அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று நற்சான்று வழங்கினார்கள். தண்டனையும் நடந்தது, அவர் மனிதராக மதிக்கப்படவும் செய்தார். இந்தச் செய்தியை ஓதிக் கொடுத்த நான்தான் அன்று மிம்பரில் நின்று அதற்கு நேர் எதிராக நடந்துகொண்டேன்.

2022 ஏப்ரலில் ரமளான் பிறந்தது. அவர் எவரிடமும் சொல்லாமல் தாமாகவே ஒரு முடிவெடுத்தார். முதல் நோன்பின் ஸஹரோடு குடியை ஒரேயடியாக விட்டுவிட்டார். எவ்வளவு உயர்ந்த நிய்யத் என்று பாருங்கள்! ஆனால் மூன்றாம் நோன்பன்று அஸருக்குப் பிறகு என்னை அவசரமாக அழைத்தார்கள். அவர் உடல் வியர்த்து நனைந்திருந்தது. கைகள் நடுங்கின. சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன என்று சொல்லிச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தவர்கள் ஜின்னின் தொல்லை என்றார்கள். நானும் அமர்ந்து ஓதி ஊதினேன். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மக்ரிபுக்குச் சற்று முன் அவருக்கு வலிப்பு வந்தது. அதன் பிறகே ஆட்டோவில் ஏற்றினோம். வழியில் ஒரு சிறு மருத்துவமனையில் சோர்வுக்கு என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். பின்னர் அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம்.

அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "நீங்கள் ஓதியதில் தவறில்லை. ஆனால் ஓதுவதை ஆம்புலன்சில் வைத்துச் செய்திருக்கலாம்" என்றார். அதைவிடச் சுருக்கமான ஃபத்வாவை நான் கேட்டதில்லை.

சகோதரர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் அதுவே உயிருக்கு ஆபத்தாகக் கூடும். மது மூளையை அமுக்கி வைக்கிறது. அந்த அமுக்கத்தை எதிர்த்து மூளை தன் வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. அமுக்கிய கையைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த வேகம் கட்டின்றிப் பாய்கிறது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரம் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாததைக் காண்பதும், ஆளை அடையாளம் தெரியாமல் போவதும், காய்ச்சலும் படபடப்பும் தோன்றலாம். இதை மருத்துவர்கள் 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்கிறார்கள். மருத்துவம் செய்யாவிட்டால் இறப்பும் நேரும். ரமளானின் இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்கள் இதற்குச் சரியாகப் பொருந்தி வருவதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. குடிப்பவரின் குடல் தயமின் என்னும் வைட்டமின் பி1-ஐச் சரியாக உறிஞ்சுவதில்லை. குடிப்பவர் ஒழுங்காக உண்பதுமில்லை. சர்க்கரையை எரித்து ஆற்றலாக மாற்ற மூளைக்குத் தயமின் வேண்டும். அது அறவே வற்றிப்போனால் கண்ணசைவு தடுமாறும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக் இதை விவரித்தார். அதற்குச் சில ஆண்டுகளில் ரஷ்ய மருத்துவர் செர்கெய் கோர்சகோவ், இதே மனிதர்களுக்குப் பின்னர் வரும் நினைவிழப்பை எழுதிவைத்தார். இந்நிலையில் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், இருக்கும் கொஞ்சநஞ்சத் தயமினும் தீர்ந்துபோகும். ஆகவேதான் மருத்துவர்கள் தயமினை முதலில், அல்லது கூடவே கொடுக்கிறார்கள். எவரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. அவர் குடிப்பவர் என்ற செய்தியை அந்தச் சிறு மருத்துவமனையில் நாங்கள்தாம் வெட்கப்பட்டு மறைத்தோம்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் புதிய நினைவு எதுவும் அவரிடம் தங்கவில்லை. காலையில் உண்டதை லுஹரில் மறந்துவிடுவார். மறந்த இடத்தை வெறுமையாக விடாமல், ஏதேனும் ஒன்றைச் சொல்லி நிரப்புவார். போன வாரம் உம்ராவுக்குச் சென்று வந்தேன் என்பார். அவருடைய தம்பி, "இப்போதும் பொய் சொல்வதை விடவில்லை" என்று சினந்தார். அது பொய்யன்று. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரியும். இவருக்கோ, தாம் சொல்வதுதான் உண்மை. கோர்சகோவ் விவரித்த நோயின் குறிகளில் இதுவும் ஒன்று.

பிறகு நான் பழங்காநத்தத்திற்கு வந்துவிட்டேன். 2024 அக்டோபரில் ஒரு நாள் அந்த மகள் தாயாருடன் என்னைக் காண இங்கே வந்தார். கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கிறார். அந்த வாரம்தான் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஹள்ரத், எங்கள் அத்தா அன்றைக்குச் சத்தியத்தை முறித்தார்களே, அப்போது அவர்கள் பொய்யரா, நோயாளியா? நீங்கள் பொய்யர் என்றீர்கள். எங்கள் பாடப்புத்தகம் வேறு சொல்கிறது."

நான் பதில் சொல்லவில்லை. பாடப்புத்தகம் சொல்வதைச் சொல்லும்படி கேட்டேன். அந்தப் பெண் விளக்கியதையும், அதன் பின் மருத்துவ நண்பர்களிடம் நான் கேட்டறிந்ததையும் உங்களுக்குப் புரியும் மொழியில் கூற முயல்கிறேன்.

ரமளானில் நம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம் அல்லவா? எத்தனை படி அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை தேங்காய் என்ற கணக்கு அலுவலகப் பேரேட்டில் இருக்கிறது. அந்தப் பேரேட்டை அடுப்படிக்குக் கொண்டுபோக மாட்டோம். மோதினார் அதிலிருந்து ஒரு சீட்டு எழுதிச் சமையல்காரரிடம் கொடுக்கிறார். சீட்டைப் பார்த்து அவர் காய்ச்சுகிறார். நம் உடலின் ஒவ்வோர் அணுவிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. டிஎன்ஏ என்பது பேரேடு. அதிலிருந்து எழுதப்படும் சீட்டுக்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். அந்தச் சீட்டின்படி அணு புரதங்களைச் செய்கிறது.

இப்போது இடையில் ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். பேரேட்டில் அவர் கை வைப்பதில்லை. சமையல்காரரையும் தடுப்பதில்லை. சீட்டின் ஓரத்தில் ஒரு சிறு துண்டை ஒட்டிவிடுகிறார். அந்தத் துண்டு ஒட்டிய சீட்டைச் சமையல்காரர் படிப்பதில்லை, விரைவில் அது கிழித்தெறியப்படுகிறது. அன்று கஞ்சி குறைகிறது. இந்தச் சிறு துண்டுதான் மைக்ரோ ஆர்என்ஏ. ஏறத்தாழ 22 எழுத்துகள் கொண்டது. எந்தப் புரதம் எப்போது எவ்வளவு என்று அளவு பார்க்கும் கண்காணிப்பாளர் அது. கண்காணிப்பாளர் தீயவரல்லர். அளவு பார்க்க ஆள் இல்லாவிட்டால் கஞ்சி வழிந்து அடுப்பே அணைந்துவிடும்.

1993-இல் அமெரிக்க அறிவியலாளர்கள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோர் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் இதைக் கண்டறிந்தார்கள். அந்தப் புழுவுக்கே உரிய விந்தை என்று உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2000-இல் ருவ்குன் குழுவினர் கண்டறிந்த மற்றொரு மைக்ரோ ஆர்என்ஏ, புழு முதல் மனிதன் வரை விலங்கினங்களில் பரவலாக இருப்பது தெரியவந்தபோதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்று மனிதனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. 2024-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இங்கே ஒரு வார்த்தை. "இதெல்லாம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே குர்ஆனில் சொல்லப்பட்டுவிட்டது" என்று ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒரு வசனத்தைத் தேடி ஒட்டும் வழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இறைமறை விலக்கியதை, காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நாம் விலக்குகிறோம். புழுவை ஆய்ந்தவரின் உழைப்பு அவருடையது. அதைக் கற்பது நம் கடமை.

சரி, மதுவுக்கும் இந்தத் துண்டுச் சீட்டுக்கும் என்ன தொடர்பு?

நரம்பணுவின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் உண்டு. ஒரே பேரேட்டுப் பக்கத்திலிருந்து பலவகை வாயில்கள் செய்யப்படுகின்றன. சில வாயில்களை மது எளிதில் ஆட்டிவிடும், சிலவற்றை ஆட்ட முடியாது. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், எலியின் நரம்பணுக்கள் மீது மது பட்ட பதினைந்து நிமிடங்களில் மைக்ரோ ஆர்என்ஏ 9 என்பது மிகுந்தது. பாங்குக்கும் இகாமத்துக்கும் இடைப்பட்ட நேரம்தான்! அது போய், மது ஆட்டக்கூடிய வகை வாயில்களின் சீட்டுகளைத் தேடி அழித்தது. மதுவுக்கு அசையாத வகையே எஞ்சியது. முதலில் ஒரு கோப்பைக்குத் தள்ளாடியவர் பின்னர் நான்கு கோப்பைக்கும் நிமிர்ந்து நிற்கிறாரே, "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று பெருமை பேசுகிறாரே, அந்தப் பெருமைக்குப் பின்னால் இருக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. அவர் வலிமை பெறவில்லை. அவருடைய நரம்பணு மதுவைச் சுற்றித் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது.

அடுத்தது அழற்சி. மூளையின் காவல் அணுக்களை மது கிளறிவிடுகிறது. 2013-இல் வெளியான ஆய்வில், மது புகட்டப்பட்ட எலிகளின் சிறுமூளையில் மைக்ரோ ஆர்என்ஏ 155 உயர்ந்து, அழற்சிப் பொருட்களும் உயர்ந்திருந்தன. அந்த மைக்ரோ ஆர்என்ஏ இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட எலிகளுக்கு அதே மதுவைக் கொடுத்தபோது அழற்சி அவ்வாறு எழவில்லை. சிறுமூளைதான் நம் நடையைச் சமநிலையில் வைக்கிறது. நெடுநாள் குடித்தவர் குடிக்காத நாளிலும் கால்களை அகட்டித் தள்ளாடி நடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேராக வருவது மூன்றாவது செய்தி. நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில்தான் "வேண்டாம்" என்று சொல்லும் ஆற்றல் பெரிதும் இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்களை வளர்த்துக் காக்கும் ஒரு புரதத்துக்கு பிடிஎன்எஃப் என்று பெயர். 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, மதுவுக்கு அடிமையாக்கப்பட்ட எலிகளில் மைக்ரோ ஆர்என்ஏ 206 உயர்ந்து, அந்தக் காவல் புரதம் குறைந்திருப்பதைக் காட்டியது. மதுவை நிறுத்திச் சில வாரங்கள் கழிந்த பின்னரும் அந்நிலை நீடித்தது. குடிக்கு அடிமையாகாத எலிகளின் மூளையில் அதே மைக்ரோ ஆர்என்ஏயைச் செயற்கையாக மிகுவித்தபோது, அவை முன்னைவிட அதிகம் குடித்தன.

எலியும் மனிதனும் ஒன்றல்ல. ஆனால் 2011-இலேயே, குடியில் வாழ்ந்து இறந்த மனிதர்களின் மூளை முன்பகுதியை ஆய்ந்தவர்கள், ஏறத்தாழ 35 மைக்ரோ ஆர்என்ஏக்கள் இயல்பைவிட மிகுந்திருப்பதைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் பற்பல சீட்டுகளைத் தடுக்கக் கூடியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இதைக் கொண்டு குடிநோய்க்கு மருந்து வந்துவிட்டது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இன்றளவும் இது ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. அத்துடன், நான் முன்னர் சொன்ன தயமின் குறைவால் வரும் நினைவிழப்பு வேறு, இந்த அளவு மாற்றம் வேறு. ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் தீப்பிடித்தது போல், இவை இரண்டும் ஒருவரிடமே நேரலாம்.

பதினொரு நாட்கள் சத்தியத்தைக் காத்த அந்த மனிதரை இப்போது எண்ணிப் பாருங்கள். அழுதபோது அவர் நடிக்கவில்லை. சத்தியம் செய்த நாவு உண்மையாகவே செய்தது. ஆனால் அதைக் காக்க வேண்டிய மூளைப்பகுதியின் சீட்டுகள் முன்பே கிழிக்கப்பட்டிருந்தன. பிரேக் கம்பி அறுந்த வண்டியை ஓட்டுபவரிடம், நிறுத்துவேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் அனுப்பாமல் விட்டவன் நான்.

"அப்படியானால் குடிப்பவருக்குக் குற்றமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. முதல் கோப்பையை எடுத்தபோது பிரேக் அறுந்திருக்கவில்லை. அந்தக் கை அவருடையது. அடுத்தடுத்த ஒவ்வொரு கோப்பையும், அதற்கடுத்த கோப்பையை மறுக்கும் வலிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. நம் ஃபிக்ஹு நூல்கள் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகின்றன. போதையில் தவறவிட்ட தொழுகை கடனாகவே நிற்கும், போதையைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. ஆனால் அறிவு நிலையாக நீங்கிவிட்டவர் மீது கடமை இல்லை. பாவமும் நோயும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும். முதலாவதற்குத் தவ்பா, இரண்டாவதற்கு மருத்துவம். ஒன்றைக் கொண்டு மற்றதை மறுக்கும்போதுதான் நாம் வழி தவறுகிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஷரீஅத் காக்க வந்தவை ஐந்து என்று வகுத்தார்கள். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம். மது விலக்கப்பட்டது அறிவைக் காப்பதற்காக என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். அறிவைக் காப்பது என்பது குடிக்காதவரின் அறிவை மட்டும் காப்பதா? குடித்துக் கெட்டவரிடம் எஞ்சியிருக்கும் அறிவைக் காப்பதும் அதில் அடங்காதா? மதுவை நிறுத்தியவரின் மூளை மாதக் கணக்கில் ஓரளவு தேறுகிறது, சுருங்கிய பகுதி சற்று மீள்கிறது என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. தேறக்கூடிய ஒன்றை அவமானத்தின் பெயரால் அழியவிடுவதற்கு நமக்கு என்ன உரிமை?

நம் மஹல்லாக்களில் குடிப்பவர் எவருமில்லை என்று சொல்லும் நிர்வாகிகளை நான் சந்தித்திருக்கிறேன். ஏலக்காய் மென்றுகொண்டு கடைசி ஸஃப்பில் நிற்பவரை அவர்கள் பார்த்ததில்லை போலும். 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வின்படி இந்நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 2 கோடியே 90 இலட்சம் பேர் அதற்கு அடிமைப்பட்டவர்கள். நம் மாநிலத்தில் 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003-இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. 2023-24-இல் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். டி.பி.கே. ரோட்டில் மாலையில் நடந்துவரும் எவருக்கும் நான் இதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது நாடே அதிர்ந்தது. அது கண்ணையும் மூளையையும் ஓரிரு நாளில் அழிக்கும் நஞ்சு. கடையில் முத்திரையோடு விற்பது அதே மூளையை இருபது ஆண்டுகளில் அழிக்கிறது. அதற்கு எந்தச் செய்தித்தாளிலும் தலைப்பு வருவதில்லை.

நம்மவரிடம் ஒரு கூடுதல் இடர் இருக்கிறது. மற்றவர் குடித்தால் அது கெட்ட பழக்கம், நம்மவர் குடித்தால் அது குடும்பத்தின் இரகசியம். ஆகவே மருத்துவரிடம் போவது தள்ளிப்போகிறது. போனாலும் உண்மையைச் சொல்வதில்லை. மனம் குழம்பிய பிறகோ, மருத்துவமனைக்குப் பதில் வேறிடம் கொண்டுபோகிறோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறந்துவிடக் கூடாது. துஆ கேட்பது சுன்னத். கட்டிப்போடுவது எந்த நூலில் இருக்கிறது?

வெட்கப்படாமல் எழுந்து நின்றவர்களும் இதே மண்ணில் இருக்கிறார்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அந்த வேதனையை மூடி மறைக்காமல், 1980-இல் சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கென்றே ஓர் அமைப்பைக் கணவர் டி.டி. ரங்கநாதன் பெயராலேயே தொடங்கினார். பெரும் தொழில் குடும்பம் அது. மறைக்க நினைத்திருந்தால் நம்மைவிட நன்றாக மறைத்திருக்க முடியும்.

அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "உங்கள் அத்தா சத்தியம் முறித்தவர். அதற்கு மார்க்கத்தில் பரிகாரம் உண்டு. அவர் நோயாளி. அதற்கு மருத்துவம் உண்டு. அவர் பொய்யர் அல்லர். அதைச் சொன்னவன் நான், நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றேன். அடுத்த வாரம் அந்தப் பழைய மஹல்லாவுக்குச் சென்றேன். அங்குள்ள இமாமின் அனுமதியுடன், ஜும்ஆ முடிந்து மக்கள் கலையுமுன் எழுந்து, 2019-இல் நான் பேசியது தவறு என்று சொன்னேன். சொல்லும்போது குரல் உயரவில்லை.

குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். மதுவை முற்றாக விலக்கும் வசனம் 90-ஆவது. அதற்கு முந்திய 89-ஆவது வசனம் எதைப் பற்றியது தெரியுமா? முறிந்துபோன சத்தியத்துக்குப் பரிகாரம் பற்றியது. பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது உடை, அல்லது ஓர் அடிமையின் விடுதலை. இவற்றுக்கு வசதியற்றவர் மூன்று நோன்பு. எத்தனையோ முறை ஓதியும், இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதை அந்தப் பெண்ணுக்குப் பதில் தேடியபோதுதான் நான் நின்று கவனித்தேன்.

அவருடைய சம்மதத்தைக் கேட்டு, அவர் வீட்டிலேயே அவருக்காகப் பத்து ஏழைகளுக்கு உணவளித்தோம். அவரே சோறு பரிமாறினார். பாதியில் என்னிடம் வந்து, "ஹள்ரத், இது யார் வீட்டு விருந்து?" என்று கேட்டார். உங்கள் வீட்டு விருந்துதான் என்றேன். மகிழ்ந்து மீண்டும் பரிமாறச் சென்றார்.

சகோதரர்களே! நாம் ஷஅபானில் நிற்கிறோம். ரமளான் பிறையோடு குடியை விட்டுவிட வேண்டும் என்று உங்களில் எவரேனும் மனத்துக்குள் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் பிறை வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் செல்லுங்கள். எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பதை உள்ளபடி சொல்லுங்கள். நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமினும் அவர் மேற்பார்வையில் கிடைக்கும். நோன்பு எப்போது தொடங்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். நோயாளிக்கு நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை இருக்கிறது. மது அடிமைத்தனத்துக்கான தேசிய உதவி எண் 14446. மனநலத்துக்கு 14416. இரண்டிலும் கட்டணமில்லை.

பெண்களுக்கு ஒன்று. வீட்டில் குடிப்பவர் திடீரென்று நிறுத்திய சில நாட்களுக்குள் நடுங்கினாலோ, இல்லாததைக் கண்டாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் முதல் வார்த்தையாக, "இவர் குடிப்பவர், இத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார்" என்று சொல்லுங்கள். என்னை அதன் பிறகு அழையுங்கள். மருத்துவமனைக்கே வந்து ஓதுகிறேன்.

இஷாவுக்குப் பிறகு என் அறை திறந்திருக்கும். வருபவரின் பெயரைக் கேட்க மாட்டேன். எவரிடமும் சத்தியம் வாங்க மாட்டேன். மருத்துவரிடம் தனியே செல்லத் தயங்குபவருடன் நான் கூட வருகிறேன்.